சாப்பாட்டு மேஜையில் மெக்சிகோ

மெக்சிகோவின் சமூகத்தைப் பற்றிப் பேராசிரியருக்குத் தெரியாத விஷயம் அந்த நாட்டு அரசாங்கத்துக்கே தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் அவர் தலைவைத்தும் படுத்ததில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடி, இணையத்தில் கிடைத்த புள்ளிவிவரங்களை வைத்தே முந்நூறு பக்கம் எழுதிவிட்டார்.

“பதிமூணு கோடிப் பேரையும் எண்ணியாச்சுன்னா தட்டு வைக்க இடம் விடுங்க” என்றாள் மனைவி.

“உனக்கு எல்லாமே கேலிதான். அங்கே பிறப்பு விகிதம் வருஷா வருஷம் குறையுது, தெரியுமா?”

“இன்னிக்கு ஒண்ணு கூடியிருக்கு.”

“எந்த இணையதளத்துல பார்த்தே?”

“உங்க பிள்ளை போன் பண்ணினான். பொண்ணு பொறந்திருக்காம்.”

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்த நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்ட மகனோடு அவர் பேசி நாலு வருஷம் ஆகிறது. “இனி என் முகத்துல முழிக்காதே” என்று அவனிடம் சொன்ன மறுவாரம்தான் இந்த ஆராய்ச்சியே தொடங்கியது.

“வீம்பு பிடிச்சது போதும். இந்தாங்க, நீங்களே பேசுங்க.” மனைவி மகனின் எண்ணை அழுத்திப் போனை அவர் கையில் திணித்தாள்.

மறுமுனையில் மணி அடித்தது. பேராசிரியர் அவசரமாகப் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“ஏய், பேரு என்ன?”

“இன்னும் வைக்கலைங்க. காலையிலதானே பொறந்திருக்கு.”

“குழந்தை பேரைக் கேக்கலை” என்றார், தலையைக் குனிந்துகொண்டு. “மருமக பேரு.”