கெப்பாசிட்டர் எழுப்பிவிட்ட மதியம்

கோழி முட்டைகளைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒன்றுக்குள் ஒரு சிப்பும், அதன் பக்கத்திலேயே ஒரு கெப்பாசிட்டரும் குடியிருந்தன. ஹீட்டரைப் போட்டு அணைப்பது சிப்பின் வேலை. கரண்ட் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி, கரண்ட் நிலைக்கும்வரை சிப்பைத் தூங்கவைத்து, பிறகு எழுப்புவது கெப்பாசிட்டரின் வேலை. கரண்ட் போனால் கெப்பாசிட்டர் சொட்டு மிச்சமில்லாமல் காலியாகி, மறுபடி முதலிலிருந்து நிரம்ப வேண்டும்.

"உன்னாலதாண்ணே எனக்கு எப்பவும் லேட்டு. முட்டையெல்லாம் குளிருது பாரு" என்று சிப் தினமும் சலித்துக்கொள்ளும். கெப்பாசிட்டருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

முட்டை வைத்த இருபதாம் நாள் மதியம் கரண்ட் போய், கண் சிமிட்டுவதற்குள் திரும்பி வந்தது. கெப்பாசிட்டர் பாதிகூடக் காலியாகவில்லை. 'இருக்கிறதே போதும். பாவம், இன்றைக்காவது அவனைக் காக்கவைக்க வேண்டாம்' என்று உடனே எழுப்பிவிட்டது.

கரண்டோ இன்னும் தள்ளாடிக்கொண்டிருந்தது. அரைகுறையாக எழுந்த சிப் ஹீட்டரைப் போட்டது, அணைக்க மறந்துபோனது.

"தம்பி, சூடு ஏறுது. அணைடா!"

"சரியா இருக்குண்ணே."

"ஐயோ, அணைடா!"

"சரியா இருக்குண்ணே."

அதற்குமேல் சிப்புக்கு வேறு பேச்சே வரவில்லை. அதைத் திரும்பத் தூங்கவைக்க வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும். முட்டைகளுக்குள் காலையிலிருந்து குஞ்சுகள் ஓட்டைக் கொத்திய டொக் டொக் சத்தம் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தது. கரண்ட் போகட்டும், போகட்டும் என்று கெப்பாசிட்டர் வேண்டிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குப் பார்த்து, பொழுது சாயும்வரை கரண்ட் போகவே இல்லை.