பக்கத்துத் தொட்டி

திங்கட்கிழமை ஆனால் கைகால் ஓய்ந்துபோகும். அன்றுதான் ஆய்வு மாணவிகள் நாங்கள் அவரவர் தவளைத் தொட்டிக்கு ஆளுக்கொரு குப்பி இரத்தம் கொடுப்போம். அதற்குச் சம்மதித்தால்தான் ஆராய்ச்சிக்கு இடம். எங்கள் இரத்தத்து ஹார்மோன் இல்லாமல் இப்போது எந்தத் தலைப்பிரட்டையும் தவளையாவதில்லை.

எங்களோடு ஆய்வு செய்து இறந்துபோன செல்லக்கனி அக்காவின் துணிமணியை வாங்கிப்போக அவள் அம்மா ஆய்வகத்துக்கு வந்தார். உப்பளத்தில் வெந்து வெடித்த கால்கள். அக்காவின் தொட்டியில் கேட்டுக்கொண்டிருந்த கத்தல் அவரைக் கண்டதும் அடங்கியது. தவளைகள் எல்லாம் கண்ணாடியோரம் வந்து நின்றன.

“என்னட்டி, எம்மூஞ்சியவே பாக்குது?”

“அக்கா ரத்தத்துல வளந்ததும்மா.”

“எளவு, அவளும் இப்பிடித்தான். நான் வேலை விட்டு வந்தா வாயத் தொறக்காம பாத்துக்கிட்டே இருப்பா.”

பக்கத்துத் தொட்டியிலும் சத்தம் நின்றது. அங்கும் ஐந்தாறு தவளைகள் அவர் பக்கம் வந்தன.

“இதுவும் அவளோடதா?”

“இல்லம்மா, என்னோடது.”

“பொறவு ஏன் என்னயப் பாக்குது?”

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு விடுதியில் தூங்கினேன். என் தொட்டிக்கான குப்பியையும் அக்காவே கொடுத்தாள். மறுநாள் அவள் எழுந்திருக்கவில்லை.

செல்லக்கனிக்கு நான் ஒரு குப்பி இரத்தம் தரவேண்டும்.