மணிக் கல்

உடைத்தால் உள்ளே கல்லாகிப்போன நத்தை இருக்கும் உருண்டைக் கற்கள் அந்த ஹொக்கைடோ ஓடையில் ஏராளம். இடத்தைக் கண்டுபிடித்தவள், அவற்றைப் பொறுக்கி உடைக்கும் மோரிஹெயின் மனைவி கினுயே. போன வருஷம் பனி உருகிய வெள்ளம் அவளைக் கொண்டுபோனது. கரடி அண்டாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த மணியும் கிடைக்கவில்லை.

இந்த வருஷம் மோரிஹெய் அங்கே எடுத்த ஒரு கல்லுக்குள் அந்த மணி கேட்டது, நடக்க நடக்க ஆடுவதுபோல. கூட வந்த தொஷிரோவுக்கும் கேட்டது.

“உடைச்சுருங்கண்ணே. நம்ம வேலையே அதுதானே.”

“உள்ள நடந்துட்டிருக்காடா. எங்கன்னு அடிக்கிறது?”

மூன்று முறை சுத்தியலை ஓங்கினார். மூன்று முறையும் இறக்கிவிட்டார்.

இப்போது தினமும் காலையில் கல்லைக் காதோடு வைத்துக் கேட்கிறார். அது ஒரு கைக்குள் அடங்கிவிடும். மணிச்சத்தம் மட்டும் நாளுக்கு நாள் தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறது.