தாழி அறையின் சாவி

ஒன்றிய அலுவலகத்துக்குப் பின்னாலிருக்கும் பழைய உரக்கிடங்குதான் நாளை முதல் கும்மிடிப்பூண்டியின் அருங்காட்சியகம். எழுபத்து மூன்றின் சித்திரை வெயில் ஓட்டு விரிசல் வழியே இறங்கி, தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த ஈமத்தாழியின் விளிம்பில் நிற்கிறது. தாழிக்குள் மண்ணோடு மண்ணாக ஒருவரின் எலும்புகள். வாசலுக்கு வெளியே ஆலை மேலாளர் செங்கல்வராயனும் தலைமையாசிரியர் பரசுராமனும் காலையிலிருந்து வாதாடுகிறார்கள். “எங்க எடத்துல கெடச்சது சார். கம்பெனிதான் நடத்தணும்.” “சரித்திரம் தெரிஞ்சவன் நடத்தணும் சார். ஸ்கூலுக்குக் குடுங்க.” அறையைக் கூட்டும் எல்லம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போகிறாள். செத்தவருக்கென்று காலையில் தாழி முன் வைத்த பித்தளைச் சொம்பைச் சாய்த்துப் பார்க்கிறாள். அடியில் ஈரம் மட்டும் இருக்கிறது. “மொத்தமும் குட்சிட்டாரு. எத்தினி வருசத் தாகமோ!” வெளியே இருந்த இருவரும் வாசலில் எட்டிப் பார்க்கிறார்கள். அவள் மறுபடி தண்ணீர் நிரப்பி வைத்து, வந்து கதவைப் பூட்டி, சாவியை இருவருக்கும் நடுவே நீட்டுகிறாள். “யாரு நடத்துறீங்களோ வாங்கிக்குங்க சார். டெய்லி உள்ள போயி தண்ணி வெச்சிடணும், அவ்ளோதான்.” பூட்டிய கதவுக்குள் சொம்பு தரையில் மெல்ல உரசுகிறது. மூவருக்கும் கேட்கிறது. நீட்டிய சாவி நீட்டியபடியே இருக்கிறது.