மழைக்குப் பின் வந்த அறிவிப்பு

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். ஒரு மணி நேரம் கொட்டிய கோடை மழை அப்போதுதான் விட்டிருந்தது. மேற்கே வெயில் எட்டிப் பார்த்தது. 2005, மே மாதம்.

மரக்காணம் உப்பளத்து ஒலிபெருக்கி திடீரென்று பேசியது.

"இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மழை பெய்யக்கூடும். உப்புக் குவியல்களை உடனே மூடி வைக்கவும்."

கரைந்துபோன தம் உப்புக் குவியலருகே நனைந்து நின்ற கன்னியப்பன் அண்ணாந்து பார்த்தார். வேட்டியைப் பிழிந்துவிட்டு, வரப்பு வழியே தகவல் மையத்துக்கு நடந்தார்.

மையம் என்பது ஓர் அறை, ஒரு மடிக்கணினி, கூரைமேல் ஓர் ஒலிபெருக்கி. கடல் பொங்கி வந்த டிசம்பருக்குப் பிறகு, ஒரு தொண்டு நிறுவனம் இக்கரையில் இப்படி மூன்று மையங்களை வைத்திருந்தது. ஜூனிலிருந்து இரண்டு மையங்களுக்குத்தான் அனுமதி. எதைப் பூட்டலாம் என்று பார்த்து எழுதுவதற்காகவே பொறியாளர் ஜான்சன் அன்று புதுச்சேரியிலிருந்து வந்து, சற்று முன்புதான் மையத்துக்குள் நுழைந்திருந்தார்.

"ஏம்மா, மழை வந்துட்டுப் போயிடுச்சி. உங்க மிஷினு இப்பதான் தூங்கி எழுந்துச்சா?" என்றார் கன்னியப்பன்.

மையப் பொறுப்பாளர் சாமுண்டீஸ்வரி சாப்பிட்டுவிட்டு, மழை விட்ட பிறகு வந்து, கணினியை அப்போதுதான் திறந்திருந்தார்.

"அவர் சொல்றது சரிதான் மேடம்," என்றார் ஜான்சன். "மூடியை மூடினா இது தூங்கிடும். தூங்கறதுக்கு முன்னாடி, பின்னணியில ஓடுற வேலை ஒவ்வொண்ணையும் எங்க இருக்கோ அங்கேயே நிறுத்தி வெச்சிடும். மழைச் செய்தியை வாங்கி ஒலிபெருக்கிக்குக் குடுக்கிற வேலையும் அதுல ஒண்ணு. திறந்தா விட்ட எடத்துலேருந்து ஓடும். நடுவுல ரெண்டு மணி நேரம் போனதே அதுக்குத் தெரியாது. யாரு மூடினது?"

சாமுண்டீஸ்வரி கணினியின் மூடியைப் பார்த்தார். உப்புக்காற்று எதையும் அரித்துவிடும், மூடாமல் எதையும் விட்டுப் போகாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்பவர் அவர். சாப்பிடக் கிளம்பும்போது அந்தப் பழக்கத்தில்தான் கை மூடியை அழுத்தியது.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார்.

"நான்தாங்க மூடினேன்."

வாசலில் மேரிசெல்வி நின்றிருந்தாள். உப்பளக் கூலி. தினமும் ஒரு மணிக்கு வந்து மையத்தைக் கூட்டுபவளும் அவள்தான். மழைக்காலத்தில் உப்பளம் நின்றாலும் நிற்காத ஒரே வேலை அவளுக்கு அது.

"பெருக்க வந்தேன். காத்து அடிச்சுது. மூடிட்டேன்."

கன்னியப்பன் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பாய்ந்தார்.

"கூட்ட வந்தா கூட்டிட்டுப் போகாம, மிஷின்ல எதுக்குக் கை வெக்கிற? என் உப்பு மொத்தமும் போச்சி. சார், நல்லா எழுதிக்குங்க. மையத்து மேல குத்தம் இல்ல, இவதான். இனிமே இவ இங்க வரக் கூடாது."

ஜான்சன் எழுதிக்கொண்டார். "நீங்க என்ன சொல்றீங்க மேடம்?"

நான் போன பிறகு இவள் திறந்து துடைத்துவிட்டு, மறுபடியும் மூடியிருக்கலாம் அல்லவா? செய்ததைத்தானே சொல்கிறாள்? சாமுண்டீஸ்வரி தமக்குத் தாமே வாதாடினார்.

"நாளையிலேருந்து வர வேணாம் மேரிசெல்வி," என்றார்.

"சரிங்க மேடம்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஜான்சன் அறிக்கையோடு புறப்பட்டுப் போனார். கன்னியப்பன் மடையைத் திறந்து, பாத்திக்குப் புது உப்புநீர் விட்டார். மேரிசெல்வி மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று, மழையில் இளகிய அடுத்த பாத்தியை மிதித்து இறுக்கினாள்.

சாமுண்டீஸ்வரி கணினியின் குறிப்பேட்டைத் திறந்தார். அது எப்போது உறங்கியது, எப்போது விழித்தது என்பதெல்லாம் அதில் பதிவாகும். அவர் தேடியது இரண்டாவது முறை மூடியதற்கான வரியை. பன்னிரண்டு ஐம்பதுக்கு உறங்கியது. மூன்று பத்துக்கு விழித்தது. நடுவில் ஒன்றுமில்லை.

அவர் உப்பளத்துக்கு நடந்தார்.

"நேத்து மூடினது நான்தாங்க. மேரிசெல்வி இல்ல. மிஷின்ல பதிவாகியிருக்கு."

கன்னியப்பன் மடையிலிருந்து நிமிரவில்லை. "மிஷின் சொல்லித்தான் தெரியணுமாம்மா? ஒரு மணிக்கு இந்தப் பொண்ணு என் பாத்தியில உப்பு வாரிக்கிட்டு இருந்துச்சி. கூட்ட வரவே இல்ல. ரூமுக்கு இருக்கறது ரெண்டு சாவி, ஒண்ணு இவகிட்ட, ஒண்ணு உங்ககிட்ட."

"தெரிஞ்சுமா அவளை அப்படித் திட்டினீங்க?"

"இந்தப் பொண்ணு வாயைத் தொறந்ததுமே புரிஞ்சி போச்சி. அந்த சார் முன்னாடி யாரையாவது திட்டணும்ல? உங்களைத் திட்டியிருந்தா நம்ம மையத்தைத்தான் பூட்டுவாரு. உப்பு போனா மறுபடியும் வாரிக்கலாம். கடல் மறுபடியும் வந்தா எங்களுக்கு யாரு சொல்லுவா?"

"நான் ஜான்சனுக்கு உண்மையை எழுதிடறேன்."

"எழுதாதீங்க மேடம்," என்றாள் மேரிசெல்வி, சேற்றை மிதித்தபடியே. "ஜூன் போகட்டும், நானே வர்றேன். அதுவரைக்கும் ரூமை நீங்கதான் கூட்டணும்."

பெண்கள் சிரித்தார்கள்.

சாமுண்டீஸ்வரி திரும்பி வந்து துடைப்பத்தை எடுத்தார். அறை முழுவதும் முந்தின நாள் கூட்டாத மணலும் குப்பையும் கிடந்தன. மேரிசெல்வியை வர வேண்டாம் என்று சொன்னபோதும், அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.