விளக்கருகே ஒன்பது வோல்ட்

இறந்துபோன என் மனைவி தன் மின்சார ஸ்கூட்டரில் தானே பொருத்திய எல்.இ.டி. விளக்குப்பட்டை மங்கலாக எரிகிறது. அதைக் கழற்றி எறிய எனக்கு மனமில்லை. இருட்டத் தொடங்கும் கடையில் மெக்கானிக் மண்டியிட்டு வோல்ட் மீட்டரின் முனைகளை ஒயரின் இரு கோடியிலும் வைத்துப் பார்க்கிறார். "பேட்டரி வோல்ட்ட குறைச்சுக் குடுக்குற கன்வர்ட்டர்ல பன்னிரண்டு வோல்ட் இருக்கு, தம்பி. விளக்குகிட்ட ஒன்பதுதான் வருது. ஒயர் நூலாட்டம் இருக்கு, வழியிலேயே மூணு வோல்ட்ட முழுங்கிடுது. விளக்கு மேல குத்தமில்ல. யாரு இழுத்தது இத?" "என் வைஃப்." அவர் சிரிக்கிறார். "அடுத்த தடவ தடிச்ச ஒயரா போடச் சொல்லுங்க." "சொல்றேன்," என்கிறேன். ஒயரைச் சுற்றியிருக்கும் அவளுடைய கறுப்புத் தலைமுடி ரப்பரை வெட்டக் கத்தரியை எடுக்கிறார். "அண்ணே, அத வெட்டாம கழட்டிக் குடுங்க." தடித்த ஒயர் ஏறியதும் எதிர்ச்சுவர் பளீரென்று வெளுக்கிறது. அந்த வெளிச்சத்தில், என் உள்ளங்கையிலுள்ள ரப்பரில் சிக்கிய ஒற்றை நீள முடி தெரிகிறது.