பக்கத்துச் செல்கள்

மறுநாள் கருத்தரங்கில் பேசவேண்டியதைப் பேராசிரியர் சபாபதி, மனைவி மாதங்கியை எதிரே உட்காரவைத்துப் பேசிப் பார்த்தார். அவளுடைய உதட்டோரத்தில் ஹெர்பிஸ் வைரஸால் வந்த கொப்புளம் பழுத்திருந்தது. உதாரணத்துக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

“உடம்புல ஒரு செல்லுக்குள்ள வைரஸ் நுழைஞ்சதும் அந்தச் செல் இன்டர்ஃபெரான்ங்கற புரதத்தை வெளியே விடும். அதை ஒரு கூக்குரல்னு வெச்சுக்கோ. பக்கத்துச் செல்லுக்கெல்லாம் கேக்கும்.”

“கேட்டதும் ஓடி வருமாங்க?”

“எதுக்கு வரணும்? தன் கதவை இறுக்கிச் சாத்திக்கும். அப்பத்தான் பிழைக்கும்.”

“கத்தின செல்லு?”

“செத்துத் தொலையும். வைரஸ் மட்டும் நரம்புக்குள்ள போய்ப் படுத்துக்கும். உடம்பு அசந்தா மறுபடி எழும்பும்.”

மாதங்கி உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். கொப்புளத்தை ஒட்டி, சனிக்கிழமை அவருடைய மோதிரம் கிழித்த இடம் இன்னும் ஆறவில்லை.

“அன்னிக்கு நான் கத்தினப்ப எதிர்வீட்டுலயும் மேல்வீட்டுலயும் ஜன்னல் சாத்துற சத்தம் கேட்டுதே. நாளைக்கு அதையும் சொல்லுங்க. எல்லாருக்கும் சட்டுனு புரியும்.”

சபாபதி தாள்களை அடுக்கி மேஜைமேல் வைத்தார். விரலில் மோதிரத்தை ஒருமுறை சுழற்றினார். பிறகு எழுந்தார். இந்த முறை ஜன்னல்களை அவரே ஒவ்வொன்றாகச் சாத்தினார்.